இடப்பக்கம் வந்த கல்

எழுபதுகளில் பாகூர்ப் பக்கத்துச் சூளையொன்றில் லாரிக்குச் செங்கல் ஏற்றுவது என் பிழைப்பு. கீழே நிற்பவர் இரண்டிரண்டு கல்லாகச் சேர்த்து வீசுவார். லாரி மேலிருந்து நான் பிடித்து அடுக்குவேன். அங்கே என்னைப் போல் கல் பிடிக்க ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

ஒருநாள் லாரியிலிருந்து மல்லாக்க விழுந்தேன். பின்மண்டையில் அடி. அதன்பின் இடப்பக்கம் எதுவும் தெரியவில்லை. கண்ணில் கோளாறு இல்லை, மூளையில்தான் அடி என்றார் டாக்டர். மேஸ்திரி என்னைக் கீழே இறக்கி மண் குழைக்க விட்டார்.

எனக்குக் கல் வீசிக்கொண்டிருந்தவர் என் மனைவியின் அண்ணன். அவர் நம்பவில்லை.

"கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. விழுந்த பயத்துல கத உடுற மாப்ள."

கோழை என்றிருந்தால் பொறுத்திருப்பேன். பொய்க்காரன் என்றதும் ரத்தம் கொதித்தது. அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

ஒரு மத்தியானம் அவர் இடப்பக்கமாக வந்து, சத்தம் காட்டாமல் ஒரு களிமண் உருண்டையை வீசினார். என் கை போய்ப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கை ஈரமான பிறகுதான் மண் வந்ததே எனக்குத் தெரியும். சூளையே சிரித்தது.

"மாட்னியா மாப்ள!"

நான் பொய்தான் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இன்னொன்னு போடு மச்சான். சொல்லிட்டுப் போடு" என்றேன். நேரே பார்த்தபடி நின்றேன்.

"வருது, புடி!"

எங்கே, எங்கே என்று தேடினேன். உருண்டை தோளில் அறைந்தது. பிறகு மழையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே அவர் ஒன்று வீசினார், பிடித்துவிட்டேன். மறுபடி சொல்லிவிட்டு வீசினார், கன்னத்தில் அப்பியது. மச்சான் சிரிக்கவில்லை. நடிக்கிறவன் கன்னத்தைக் கொடுப்பானா?

டாக்டரிடம் இதைச் சொன்னேன். கண் பார்த்தது மனசுக்குப் போக ஒரு வழி, கைக்குப் போக இன்னொரு வழி, எனக்கு முதல் வழிதான் அடைபட்டது என்றார்.

அந்த வாரமே மச்சான் மேஸ்திரியிடம் மல்லுக்கட்டி என்னை மறுபடி லாரி மேல் ஏற்றினார். மேலே போய் நின்றதும் சொன்னேன்.

"மச்சான், இடப்பக்கம் நெஜமாவே ஒன்னும் தெரியல."

"தெரியலன்னு எனக்குத் தெரியும் மாப்ள. நீ தேடாத, சும்மா நில்லு" என்றவர், "நேத்து வூட்டுல இன்னா கொழம்பு?" என்று கேட்டார்.

மீன் குழம்பு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கல்லும் என் கையில் இருந்தன.