மொட்டை மாடி வழியே வந்த ஃபிரிட்ஜ்

மொராக்கோவின் ஃபெஸ் பழைய நகரத்தில் வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் ஹனியாவைத்தான் தேடுவார்கள். தன் வீட்டுக் குளியலறைச் சுவரைப் பூசிக் கெடுத்து, சுரண்டி, மறுபடி பூசித் தானே தேறியவள். கண்ணளவை நம்ப மாட்டாள். முடிச்சுப் போட்ட கயிறு எப்போதும் இடுப்பில் இருக்கும்.

அந்த வசந்தத்தில் அப்தல்காதர் வீட்டு வேலை அவள் கையில். அவருடைய மகன் அனஸுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மருமகள் இல்ஹாம் நர்ஸ். "முற்றமும் எலுமிச்சை மரமும் எனக்கும் பிடிக்கும், மாமா. ஆனா தரையில குந்திச் சமைக்க என்னால ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள்ள சமையலறை முடியலைன்னா புது நகரத்து ஃபிளாட்டுக்குச் சாவி வாங்கிடுவோம்" என்று சொல்லிவிட்டாள்.

ஹனியா சுண்ணாம்புப் பூச்சை ஆற்றுக் கல்லால் தேய்த்து, ஆலிவ் சோப்பு தடவி, மறுபடி தேய்த்து முகம் தெரியும்படி ஆக்கினாள். உடைந்த தேவதாருக் கதவு அலமாரித் தட்டுகளாயிற்று. பாக்கி, இல்ஹாம் தேர்ந்தெடுத்த இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ்தான். அதற்காகச் சந்தின் ஒவ்வொரு திருப்பத்தையும் கயிறு பிடித்து அளந்திருந்தாள்.

வியாழக்கிழமை சுமைகாரர்கள் நிமிர்த்தித் தூக்கி வந்த ஃபிரிட்ஜ், வீட்டை நெருங்கும்போது இடித்துக்கொண்டு நின்றது. எதிரெதிர்ச் சுவர்கள் சாயாமலிருக்கச் சந்துக்குக் குறுக்கே மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்திருந்தன. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து குனிந்தே போய்ப் பழகியதால் ஊரில் யார் கண்ணுக்கும் அவை படுவதில்லை. ஹனியா அகலத்தை அளந்தாள், உயரத்தை மறந்துவிட்டாள்.

"அளக்கும்போதும் குனிஞ்சுக்கிட்டேதான் போனீங்களா, லல்லா?" என்று, அம்மா என்பது போன்ற அந்த மரியாதைச் சொல்லோடு கேட்டான் சுமைகாரன் ஸல்லாம்.

"நீ மட்டும் பார்த்துட்டா தூக்கிட்டு வந்தே?"

படுக்க வைத்தால் திருப்பத்தில் நுழையாது. கட்டையைக் கழற்றினாலோ, ஃபிரிட்ஜோடு சேர்ந்து இரண்டு வீடுகளும் சந்துக்குள் வந்துவிடும். மிச்சமிருந்த வழி ஒன்றுதான்: பின்தெருவில், மாடியோடு மாடி ஒட்டிய அண்டை வீட்டுக்காரி லல்லா பத்தூலின் அகலமான படிகளில் ஏறி, அவள் மொட்டை மாடியைத் தாண்டி அப்தல்காதர் வீட்டுக்குள் இறக்குவது.

பத்தூலோ அப்தல்காதரோடு பேசிப் பல வருஷம். இரண்டு மாடிகளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் இருந்தவரை, அவர் மனைவியும் பத்தூலும் கிண்ணங்களை மாற்றிக்கொள்வார்கள். மனைவி இறந்த பிறகு அவர் அதை ஆளுயரத்துக்கு எழுப்பிவிட்டார்.

உதவி கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் வழக்கப்படி ஹனியா சர்க்கரைக் கூம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு பத்தூலிடம் போனாள்.

"படி தர்றேன். மாடியும் தர்றேன். அந்த மனுஷன் எழுப்பின சுவரை உன் ஃபிரிட்ஜ் எப்படித் தாண்டும்? ரெக்கை முளைக்குமா?"

சுவரை ஏன் எழுப்பினீர்கள் என்று ஹனியா திரும்பி வந்து கேட்டபோது அப்தல்காதர் திகைத்துப் போனார். பெண்டாட்டி இல்லாத ஆண் மாடிக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் கட்டினாராம். ஹனியா அதைப் போய்ச் சொன்னதும் பத்தூல் சிரித்துவிட்டாள்.

"இதைச் சொல்ல வாயில்லையா அவருக்கு? இடி. ஆனா திரும்ப எழுப்பக் கூடாது."

அன்று மாலையே சுவர் இடுப்பளவுக்கு இறங்கியது. மறுநாள் காலையில் பத்தூலே மாடிக்கு மாடி குரல் கொடுத்து, ஆண்கள் ஏறி வருவதை அறிவித்தாள். பெண்கள் காயும் துணிகளுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். வாய் மட்டும் ஒதுங்கவில்லை. இடப்பக்கம் தூக்கு, வலப்பக்கம் சாய் என்று ஒவ்வொரு போர்வைக்குப் பின்னாலிருந்தும் உத்தரவு வந்தது. இத்தனை மேஸ்திரிகளிடம் தான் வேலை பார்த்ததே இல்லை என்றான் ஸல்லாம்.

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு இல்ஹாம் வந்தாள். சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே பட்டைத் தூள் தூவிய ஆரஞ்சுத் துண்டுகள், ஒரு நீலக் கிண்ணத்தில்.

"இது யாரு வச்சது, மாமா?"

அவர் மேலே கை காட்டினார். இல்ஹாம் கிண்ணத்தோடு படியேறினாள்.

வெகுநேரமாகியும் அவள் இறங்கவில்லை. ஹனியா போய்ப் பார்த்தபோது அவளும் பத்தூலும் சுவரின் மேல் முழங்கையை ஊன்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஹனியாக்கா, சுவர்த் தலை சொரசொரன்னு இருக்கு. கிண்ணம் நிக்கமாட்டேங்குது. கொஞ்சம் வழவழன்னு ஆக்கித் தாங்க."

"ஃபிளாட்டு?"

"அங்க மாடிக்கு யாரு வரப்போறா?"

ஹனியா கீழே போய் மிச்சச் சுண்ணாம்பைக் குழைத்து எடுத்து வந்தாள். பூசுவதற்கு முன் இல்ஹாமைச் சுவரோரம் நிறுத்தி, அவள் முழங்கை உயரத்துக்குக் கயிற்றைப் பிடித்து அளந்தாள்.