மாமாவின் கத்தரிக்காய்ப் படம்

என் மாமாவுக்கு எதையும் படமாக வரைந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ரயில்வே ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம், பழக்கதோஷம். யுத்த காலத்தில் காய்கறிக்குத் தட்டுப்பாடு வந்து, தரிசில் பயிரிடச் சொன்னார்கள். மாமா செம்பூரில் ஒரு துண்டு நிலம் பிடித்துக் கத்தரி போட்டார். அதோடு விட்டாரா? கயிறு கட்டி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்துக் காயையும் தனியாகப் பறித்து நிறுத்தார். நன்றாகக் காய்த்த கட்டத்துக்குப் படத்தில் கரும்பச்சை, சுமாருக்கு இளம்பச்சை, சோடைக்கு மஞ்சள். மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படம் தொங்கியது. கரும்பச்சை ஒரே ஒரு மூலையில்தான். அந்த மூலைக் காயில் அம்மா பண்ணும் எண்ணெய்க் கறிக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம்.

அதற்கு முந்தைய வருஷம் நாங்கள் செம்பூரில் குடியிருந்தோம். அங்கே பிறந்த என் தம்பி பேர் வைக்கும் முன்பே போய்விட்டான். அப்பாதான் எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். பெற்றவளிடம் இடத்தைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எல்லோரையும் நிலத்துக்கு அழைத்துப் போனார். செம்பூர் என்றாலே தட்டிக்கழிக்கும் அப்பாவும் அன்று வந்தார். முள்ளும் புதருமாகக் கிடந்த இடம் அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. கரும்பச்சை மூலையைத் தோண்டி, அந்த மண்ணை மஞ்சள் கட்டங்களில் பரப்புவது மாமாவின் திட்டம்.

"இங்க மட்டும்தான் மண்ணு பொலபொலன்னு இருக்கு அத்திம்பேர். மத்த இடமெல்லாம் கல்லு. யாரோ முன்னாடியே ஆழமா வெட்டியிருக்கா" என்று மாமா மண்வெட்டியை ஓங்கினார்.

அப்பா அந்த மூலையை ஒட்டியிருந்த பாறையை அப்போதுதான் கவனித்தார். அடுத்த கணம் பாய்ந்து மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்தார். குரலை உயர்த்தியே அறியாத மனுஷர், "தொடாதேடா!" என்று கத்தினார்.

அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "ஏன்னா, இங்கயா?"

அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மண்ணில் உள்ளங்கையை வைத்தபடி விறைத்துப் போனாள்.

அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெரிந்தது ஒரே வழி. அந்த மூலைச் செடியிலேயே பெரிய காயாகப் பார்த்துப் பறித்து அவள் மடியில் போட்டேன். அம்மா அலறிக்கொண்டு எழுந்தாள். தினமும் சமைத்துப் போட்ட கத்தரிக்காயைக் கண்டு யாராவது இப்படிப் பயப்படுவார்களா? ஒருவேளை புழு இருக்கிறதோ என்று அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.