மூன்று கிழமைக்கு ஒரு போத்தல்

யோசெப்பினுக்குச் சுகமாவதில் துளியும் விருப்பமில்லை. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்கிறேன்.

மன்னாரில் பிறந்தவள். கனடாவில், மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் வேலை. கணவர் வலன்ரைன் 2004இல் மாரடைப்பில் போய்விட்டார். மகன் ஜெனாட் ரொறன்ரோவில். ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு போன் எடுத்து, "அம்மா, சுகம்தானே?" என்பான். "ஓம் தம்பி" என்பாள். அந்தக் கிழமைக்கான கதை அவ்வளவுதான்.

இப்படியிருக்கையில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் செலீன் என்றொரு யாழ்ப்பாணத்துப் பெண் மனக்கவலைக்கு மலர் மருந்து கொடுக்கிறாள் என்று, பூசைக்குப் போன கோவிலில் கேள்விப்பட்டுப் போனாள். முப்பத்தெட்டுச் சின்னப் போத்தல்கள். பயத்துக்கு ஒரு பூ, பொறாமைக்கு ஒரு பூ, பழசையே நினைத்து அழுவதற்கு ஒரு பூ. யாருக்கு எது பொருந்தும் என்று அறிய, செலீன் ஒரு மணித்தியாலம் எதிரே இருந்து கேட்பாள். பிறகு கலந்து தருவாள். நாளுக்கு நாலு தரம், நாலு நாலு துளி. போத்தல் மூன்று கிழமைக்கு வரும். முடிந்ததும் ஒரு சனிக்கிழமை திரும்பப் போனால், மறுபடியும் ஒரு மணித்தியாலம்.

அடேயப்பா, அந்த ஒரு மணித்தியாலம்! பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி இரண்டு நிமிடம்கூடத் தரமாட்டார். பின்னால் வரிசை நிற்கும், போதாததற்குப் பாவமும் செய்திருக்க வேண்டும். இங்கே கவலை இருந்தால் போதும். யோசெப்பின் மூன்று கிழமை பொறுக்கமாட்டாமல், துளியைக் கூட்டிக் கூட்டி விழுங்கிப் போத்தலை இரண்டு கிழமையில் முடித்தாள்.

உண்மைக் கவலைகள் நாலாம் போத்தலோடு தீர்ந்துபோயின. அதற்காக விட்டுவிடுவாளா? கூட வேலை செய்யும் ஒருத்திமேல் பொறாமை என்றாள். பாவம், அவளுடைய பெயர்கூட இவளுக்குத் தெரியாது. பஸ் ஏறப் பயம் என்றாள், பஸ்ஸில்தான் வந்திருந்தாள். போன முறை, ஒருத்தரையும் பார்க்கவே பிடிக்கவில்லை என்று ஒரே போடாகப் போட்டாள்.

டிசம்பர் மாதம், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை. இத்தனை நாளும் அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போய்வந்தது அவளை உறுத்தியது. விடிய எழும்பி மீன் கட்லட் பொரித்து, நல்ல சேலை உடுத்து, சூடு ஆறாமல் கொண்டுபோனாள். வைத்தியரிடம் போகிறவள் கட்லட் கொண்டுபோவாளா? அதை அவள் யோசிக்கவில்லை.

செலீன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்கட முகமே மாறிப்போச்சு. ஒருத்தரையும் பார்க்கப் பிடிக்கேல்லை எண்டனீங்கள். இண்டைக்கு எனக்குச் சமைச்சுக் கொண்டு வந்திருக்கிறியள். பூ வேலை செய்திட்டுது."

"இல்லைப் பிள்ளை, இன்னும் கொஞ்சம் பயம் இருக்கு."

"அது எல்லாருக்கும் இருக்கிறதுதான். இனி உங்களுக்கு மருந்து தேவையில்லை. தேவையில்லாமல் தந்தால் அது பிழை, அக்கா."

மருந்துக்கில்லை, கதைக்கத்தான் வாறன் என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொன்னால் இதுவரை அவிழ்த்துவிட்ட பொய்யெல்லாம் வெளியே வரும். வெட்கம் அவளைப் பிடித்துக்கொண்டது. கோட்டை எடுத்து மாட்டினாள்.

செலீனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். கதவுவரை வந்தாள். "ஒரு நாளைக்குச் சும்மா வாங்கோ அக்கா."

"எண்டைக்குப் பிள்ளை?"

பகிடி விடுகிறாள் என்று நினைத்துச் செலீன் சிரித்தாள். அடுத்த ஆள் படியேறி வந்துகொண்டிருந்தார். யோசெப்பினும் சிரித்துவைத்தாள். வீதியில் இறங்கியபிறகுதான் அழுகை வந்தது. சனிக்கிழமையிலும் வேலை தருவீர்களா என்று திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.