ஹேர்பின் கேட்காத முடி

காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டெடுக்க வந்த கூட்டம் கோயில் வாசலில் பூ வாங்கிக்கொண்டு நிற்கிறது. என் முறை வந்ததும் பூக்கார அக்கா, "மேடம், ஒன்லி ஃபிஃப்டி" என்கிறார்.

"ஒரு முழம் குடுங்கக்கா."

முழம் போட்ட கை அப்படியே நிற்கிறது. "தமிழு பேசுறியே! எந்த நாடும்மா நீ?"

"அப்பா கென்யா. அம்மா அரக்கோணம்."

"அப்போ நீ எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி வராத ஊர் இல்லை. நைரோபியில் நான் இந்தியக்காரி, அரக்கோணத்தில் ஆப்பிரிக்காக்காரி. பதில் சொல்லப் பிடிக்காமல் திரும்பி நின்று தலையைக் காட்டுகிறேன். என் சுருட்டை முடி பின்னலுக்கு அடங்காது. சின்ன வயதில் பூ வைப்பதற்காகவே அம்மா அதை எண்ணெய் தடவி, எனக்குக் கண்ணீர் வரும்வரை இழுத்துக் கட்டுவார்.

அக்கா தன் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிப் பல்லில் கடித்துக்கொள்கிறார். பூச்சரத்தைச் சுருளுக்குள் அழுத்திவிட்டுக் கையை எடுக்கிறார். சரம் விழவில்லை. லேசாக இழுத்தும் பார்க்கிறார்.

"அட, எப்படி புடிச்சிக்கினு நிக்குது பாரு! ஹேர்பின்னே வேணாம்மா." அதைத் திரும்பத் தன் கொண்டையிலேயே செருகிக்கொள்கிறார். "கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலியே?"

"முடி அப்பாது. பூ அம்மா ஊருது. தலை என்னுதுக்கா."