வாய்க்கால் கரை நீர்முள்ளி

போன வாரம் கீழ்வேளூர் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் வலது காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. யூரிக் ஆசிட்!

கிரியாட்டினினும் கொஞ்சம் கூடுதலாம். கிட்னியைக் கவனிக்கச் சொல்லி டாக்டர் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். அத்தான் அதைப் பிரிக்கவே இல்லை. மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டால்?

அதனால் அன்று காலை நொண்டிக்கொண்டே போய், கிட்னிக்கு நல்லது என்று வாய்க்கால் கரையில் நீர்முள்ளியை வேரோடு பிடுங்கி வந்து கஷாயம் வைத்துவிட்டார்.

"டாக்டரைக் கேட்டீங்களா அத்தான்?"

"பச்சிலைதானே... என்ன பண்ணிடப் போவுது?"

அதை டம்ளரில் ஆற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் பக்கத்து வயல் கோவிந்தராஜ் வந்து நின்றார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஒரு வரப்புத் தகராறில் இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அந்த ஒழுங்கை அவர் அப்போதும் மீறவில்லை. என்னைப் பார்த்தார்.

"சார், உங்க அத்தான் காலையில நீர்முள்ளி பிடுங்கினாருன்னு ஆடு மேய்க்கிற பையன் சொன்னான். எந்தக் கரையில பறிச்சாருன்னு கேளுங்க."

அத்தானும் என்னைத்தான் பார்த்தார். "பொதுக்கரைன்னு சொல்லு. யாரு வீட்டு சொத்துமில்ல."

"கீழ்க்கரையா, மேல்கரையான்னு கேளுங்க சார்!"

"கீழ்க்கரைதான். அதுக்கென்னவாம்?" டம்ளர் வாய்க்குப் போனது.

"டேய் செல்வம், குடிக்காதடா! நேத்து சாயந்திரம்தான்டா அங்க களைக்கொல்லி அடிச்சேன்!"

டம்ளர் பாதியில் நின்றது. அக்கா அதைப் பிடுங்கிப் போய்ப் பின்பக்கம் குழி தோண்டி ஊற்றினாள். அத்தான் தரையைப் பார்த்தபடி, "உள்ள வா. உக்காரு" என்றார்.

மறுநாள் கோவிந்தராஜின் பைக்கில்தான் அத்தான் அரசு மருத்துவமனைக்குப் போனார். சித்த மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"நீர்முள்ளி நல்ல மூலிகைதான். ஆனா உங்க கிட்னி இருக்கிற நிலைமையில, நீங்களா எதையும் காய்ச்சிக் குடிக்கக் கூடாது. முதல்ல அந்த மாத்திரையைப் போடுங்க. மறுபடி ரத்தம் பார்த்துட்டு, ரெண்டு டாக்டருமா பேசிச் சொல்றோம்."

மாத்திரை அட்டை பிரிக்கப்பட்டது. வீக்கம் மெல்ல வடிகிறது என்று அக்கா போனில் சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். கோவிந்தராஜுக்கும் யூரிக் ஆசிட்தானாம், ரொம்ப நாளாக. சொல்லிக்கொள்ளத்தான் பக்கத்தில் ஆள் இல்லையாம்.