நிறுத்த முடியாத இரண்டாம் பாகம்

கிளிநொச்சியில் என் மடிக்கணினியைத் திருத்தக் கொடுத்திருந்த கடையின் முதலாளி அவர். சட்டையின் இடது கை தோளருகே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. ஏனென்று நான் கேட்கவில்லை. நான் போகும்போதெல்லாம் கணினியில் ஒரு பழைய சாகச விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பார். சண்டை தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பிளேன்டீ ஒரு மிடறு குடித்து யோசிப்பார். பிறகு தன் வீரர்கள் ஆறு பேருக்கும் மவுஸால் ஆளுக்கொரு கட்டளை கொடுப்பார். அதற்கு ஒரு கை தாராளமாகப் போதும்.

"இதின்ர ரெண்டாம் பாகம் வந்திட்டுதே," என்றேன்.

"ஓம், வாங்கிப் பாத்தனான். டிவிக்கு முன்னால இருந்து ரெண்டு கையாலயும் கொன்ட்ரோலரைப் பிடிக்கிற ஆக்களுக்கெண்டு செய்தது. கொம்பியூட்டருக்கும் அதையே தந்திருக்கினம். நடக்க ஒரு கை வேணும், வெட்ட ஒரு கை வேணும். நிப்பாட்டி யோசிக்கவும் ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. இரண்டாம் பாகத்தைத் திறந்துவிட்டு, பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ. நீங்கள் நடவுங்கோ, நான் வெட்டுறன்."

விசைப்பலகையில் நான் வீரனை நடத்தினேன், அவர் மவுஸால் வெட்டினார். பாலத்தைக் கடந்து இரண்டு பூதங்களை வீழ்த்தினோம். மூன்றாவது வந்தபோது, "கொஞ்சம் நில்லுங்கோ," என்று பழக்கத்தில் மவுஸை விட்டுவிட்டுத் தேநீரை எடுத்தார். நானும் நின்றேன். பூதம் நிற்கவில்லை.

வீரன் விழுந்து கிடக்க, அவர் அந்த மிடறை ஆறுதலாகவே குடித்து முடித்தார்.

"இப்ப யோசிச்சிட்டன்," என்றார். "பாலத்தடியில இருந்து திரும்ப நடவுங்கோ."