திரும்பிப் போன வெள்ளிப் பாலாடை

மகளின் வளைகாப்பை ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில்தான் வைத்தோம். அவளுக்குச் சிங்கப்பூரில் சர்க்கார் உத்தியோகம். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் மசாலா, வற்றல் சரக்குகளைப் பரிசோதித்து உள்ளே விடும் வேலை. எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் விடாத ஆரியசாலைக் கடைத்தெரு மசாலா மொத்த வியாபாரி அண்ணாச்சி, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பால் புகட்டவென்று ஒரு வெள்ளிப் பாலாடையைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் போனார். நானும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் காட்டினேன். மகள் அதைத் தொடவே இல்லை.

"அம்மா, அவர் சரக்கு எங்க ஆபீஸுக்குன்னா வரது. என் வேலை போயிடும். திருப்பிக் கொடுத்துடு."

"வளைகாப்புக்கு வந்ததைத் திருப்பறதாவது? வயத்துல குழந்தை இருக்கு. அதொண்ணும் சாரமில்லைடீ, ஒண்ணும் ஆகாது, யாருக்குத் தெரியப் போறது?"

"நானே சொல்லிடப் போறேன். அங்க அப்படித்தான்."

சொன்னபடியே மேலதிகாரிக்கு எழுதிப் போட்டாள். தானே போய்த் தலையைக் கொடுப்பார்களா யாராவது? வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், திருப்பினால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று இன்னொரு பயம். இரண்டோடும் மறுநாள் ஆரியசாலைக்குப் போனேன்.

அண்ணாச்சி முகம் சுண்டிப்போயிற்று. "இது கைக்கூலியா அம்மா? சார் சர்வீஸ்ல இருக்கும்போ நான் தந்ததுக்கு நீங்க ஒண்ணும் பறஞ்சதில்லையே?"

பாலாடையை அவர் மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் பூஜை அலமாரியின் வெள்ளிக் குத்துவிளக்கு அவர் தந்ததுதான், என் கணவர் லைசன்ஸ் கொடுக்கும் நாற்காலியில் இருந்தபோது. அங்கே வாங்கினவர் பயப்படுகிறார். இங்கே கொடுக்காதவர்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. அண்ணாச்சி சொன்னதை வீட்டுக்கு வந்து மகளிடம் அப்படியே சொன்னேன். அவள் பூஜை அலமாரியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் அவள் முகத்தைப் பார்த்தேன். கடைசியில் வந்தது: தெரிவித்தது நல்லது, திருப்பியதும் சரி, அந்த வியாபாரியின் சரக்கை இனி வேறொருவர் பார்ப்பார். அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஸ்வாமிக்கு விளக்கேத்துடீ" என்றேன்.

சின்ன வயதிலிருந்து அவள் ஏற்றி வளர்ந்த வெள்ளி விளக்கு அங்கேயே இருந்தது. அவள் சமையலறைக்குப் போய்ப் பழைய பித்தளை விளக்கை எடுத்து வந்து, துடைத்து, திரி போட்டாள். ஈஸிசேரில் இருந்த என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.